‘தேயிலை’யில் தடுக்கி விழும் பிள்ளைகள்: ஆறாம் தரத்துக்கு மேல் வாசிக்கக் கற்றுக்கொடுக்க எந்த வழியை முதலில் எடுப்பது?

ஏழாம் தரத்தில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். முத்துமுத்தான கையெழுத்து. கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் கொப்பியில் இறக்கிவிடுவான். இரண்டு தவணை அவன் கொப்பிக்குச் சரி போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவன் எழுதியதை அவனையே வாசிக்கச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். மேசைக்குப் பக்கத்தில் அழைத்து, ஒரே ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்துக் காட்டினேன். ‘தேயிலை’. நெடுநேரம் பார்த்தான். பிறகு, “எழுத வரும் டீச்சர், வாசிக்க வராது” என்றான்.

அவனுடைய அம்மாவும் அம்மாயியும் வாழ்நாள் முழுக்கப் பறித்த இலையின் பெயர் அது. மூன்றே எழுத்து. ஆனால் அந்த மூன்றையும் ஒரு பிள்ளையின் கண்ணால் பாருங்கள். ‘தே’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘லை’யிலும் அப்படியே. நடுவில் இருக்கும் ‘யி’யில் மட்டும் குறி வலப்பக்கம். கண் இடமிருந்து வலம் போகிறது, காதுக்கு வர வேண்டிய ஒலி முன்னும் பின்னுமாக மாறுகிறது. ‘கொ’, ‘கோ’ என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறிகள் வந்து நிற்கும். யாரோ ஒருவர் ஐந்து வயதில் பொறுமையாக விரல் பிடித்துச் சொல்லித் தந்ததால் நமக்கு இந்தச் சிக்கல் தெரிவதே இல்லை. அந்த விரல் கிடைக்காத பிள்ளைக்கு 247 எழுத்துகளும் 247 படங்கள். படத்தைப் பார்த்து வரையத் தெரிந்தவன் அழகாகவே வரைவான்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர். ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணை ஆசிரியர் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழும். தனியே பிரித்துப் பரிகாரக் கற்பித்தல் செய்யலாம் என்பார் ஒருவர். வகுப்புகளைக் கலைத்து, வாசிக்கும் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து ஒரு பாடவேளை நடத்தலாம் என்பார் இன்னொருவர். விஞ்ஞானம், வரலாறு படிப்பிப்பவர்களும் தங்கள் பாடத்துக்குள்ளேயே வாசிப்பைச் சொல்லித்தர வேண்டும் என்பது மூன்றாவது யோசனை. மேல் வகுப்புப் பிள்ளைகளைத் துணைக்கு வைப்பது, தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துவது என்று இன்னும் இரண்டு வரும். கடைசியில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வோம் என்று முடிவாகும். அப்படி முடிவெடுத்த வருடங்களில் எதுவும் நடக்கவில்லை. ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய, இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒன்றைத்தான் முதலில் கையில் எடுக்க முடியும். அது எது என்பதில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. அதற்கு வர எனக்குச் சில வருடங்களும் ஒரு பெரிய தவறும் தேவைப்பட்டன.

எங்கள் ஆறாம் தரத்தின் நிலை

நகரத்துப் பாடசாலைக்குப் பொருந்துகிற ஆலோசனை எங்களுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளில் பலர் நகரப் பாடசாலைகளைத் தேடி ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் பண்டாரவளைக்கும் போய்விடுகிறார்கள். புள்ளி குறைந்தாலும் பணம் புரட்ட முடிந்த பெற்றோரும் அதையே செய்கிறார்கள். தோட்டத்துப் பாடசாலையின் ஆறாம் தரத்தில் மிஞ்சுகிற வகுப்பில் வழிகாட்டி வாசிக்க ஆளில்லை.

அதே வருடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஐந்தாம் தரம்வரை ஒரு வகுப்பாசிரியை இருந்தார், எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று அவருக்குத் தெரியும். ஆறிலிருந்து பாடத்துக்கு ஓர் ஆசிரியர். விஞ்ஞான ஆசிரியர் விஞ்ஞானத்தை முடிக்க ஓடுகிறார், நான் தமிழில் செய்யுளையும் இலக்கணத்தையும் முடிக்க ஓடுகிறேன். வாசிக்கக் கற்றுக்கொடுப்பது யாருடைய வேலையும் இல்லாமல் போகிறது. எங்களில் ஒருவருக்கும் எழுத்து அறிமுகம் செய்யும் பயிற்சி தரப்பட்டதும் இல்லை.

முதலில் எது பழுது என்று பார்க்க வேண்டும்

வழியைத் தெரிவதற்கு முன் இரண்டு காலைவேளைகளைச் செலவிடுங்கள். மூன்றாம் தரத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியையும் ஒரு சிறு கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே, மற்றவர் காதில் விழாத இடத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து மட்டும் அறிவான், சொல் வாசிப்பான், பத்தி வாசிப்பான், கதை வாசிப்பான் என்று நான்கு நிலை போதும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல வருடங்களாகப் பயன்படுத்துகிற அளவுகோலும் ஏறக்குறைய இதுதான். மேல் வகுப்புகளுக்கு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “இப்போது உன் சொல்லில் சொல்” என்பேன்.

நான் அப்படிப் பார்த்த வகுப்பில் 31 பேர். 6 பேர் எழுத்தில் நின்றார்கள், 9 பேர் சொல்லில், 7 பேர் பத்தியைத் தடவித் தடவி முடித்தார்கள், 9 பேர் கதையை வாசித்தார்கள். அந்த 9 பேரில் 5 பேருக்கு வாசித்ததைச் சொல்லத் தெரியவில்லை. இந்த 5 பேரை நான் அதுவரை நல்ல வாசகர்கள் என்றே நினைத்திருந்தேன்.

1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியை விளங்கிக்கொள்ளும் திறன் மறுபக்கம். கூட்டல் என்றால் ஒன்று குறைந்தாலும் மற்றது கொஞ்சம் கைகொடுக்கும். பெருக்கலில் ஒரு பக்கம் பூச்சியமானால் விடையும் பூச்சியம். எழுத வருகிற, வாசிக்க வராத என் மாணவனுக்கு முதல் பக்கம் பூச்சியம். தடங்கலின்றி வாசித்துவிட்டுத் திருதிருவென்று விழித்த ஐந்து பேருக்கு இரண்டாம் பக்கம். இந்த இரு கூட்டத்துக்கும் ஒரே மருந்து கொடுக்கிற எந்தத் திட்டமும் பாதிப் பேரைக் கைவிடும்.

இங்கே ஒரு சிறு வேண்டுகோள். பட்டியலை முடிவு செய்வதற்கு முன் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்து மக்கு என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி மட்டுமே தேவையாக இருந்தது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தனியே பிரித்தெடுப்பது

கேட்டவுடன் சரி என்று தோன்றுவது இதுதான். ஐந்தாறு பேரை எடுத்து, தனி அறையில், ஓர் ஆசிரியர் கவனமாகச் சொல்லிக்கொடுத்தால் எழுத்து நிலையில் நிற்கிற பிள்ளைக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஒவ்வொரு தடங்கலையும் அந்தக் கணமே பிடித்துத் திருத்த முடியும். இதை நான் மறுக்கவில்லை.

நான் தவறியதும் இதில்தான். எந்தப் பாடவேளையில் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, பரீட்சைக்குப் பாதகமில்லாத நேரம் என்று விளையாட்டு வேளையைத் தேர்ந்தேன். பாடசாலையில் அந்தப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நிற்கிற ஒரே இடம் அந்த மைதானம். அதைப் பிடுங்கி அதன் இடத்தில் அவர்களுக்குத் தெரியாத ஒன்றை வைத்தேன். மூன்றாம் வாரத்தில் பாதிப் பேர் அந்த நாளில் பாடசாலைக்கே வரவில்லை. வந்தவர்களை மற்றப் பிள்ளைகள் ‘மெல்லக் கற்போர்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்குக் கொடுத்தது நாங்கள்தான், அறைக் கதவில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தோம். பதின்மூன்று வயதுப் பையனுக்கு வெட்கம் பசியைவிடப் பெரியது. அந்த வயதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. தனி வகுப்பு ஓர் ஆசிரியரின் தோளில் நிற்கிறது. அவருக்கு இடமாற்றம் வந்தால் அந்த வகுப்பும் அவரோடு பஸ் ஏறிவிடும். மலையகத்தில் இடமாற்றம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நிலைவாரியாக ஒரு பாடவேளை

இதில் யாரும் யாரையும் பிரித்தெடுப்பதில்லை. 6, 7, 8ஆம் தரங்கள் முழுவதும் வாரத்தில் நான்கு நாள், ஒரே பாடவேளையில், வாசிக்கும் நிலைப்படி பிரிந்து உட்காரும். அந்த நேரத்தில் கணித ஆசிரியரும் சித்திர ஆசிரியரும்கூட ஒரு குழுவை எடுப்பார்கள். எல்லாரும் எங்கோ ஓர் அறைக்குப் போவதால் எவரும் தனியே தெரிவதில்லை. குழுக்களுக்கு நாங்கள் மலைகளின் பெயரை வைத்தோம், எது மேல் எது கீழ் என்று பெயரில் தெரியாதபடி. சிவனொளிபாதமலைக் குழுவில்தான் எழுத்து படித்தவர்கள் இருந்தார்கள்.

இதற்குச் சான்று இருக்கிறது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் (2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்) தங்கள் சகாக்களுடன் பிரதம் அமைப்பின் முறையைப் பல மாநிலங்களில் சோதித்தார்கள். பிகாரிலும் உத்தரகண்டிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருட்களும் மட்டும் போன பாடசாலைகளில் பலன் தெரியவில்லை. ஹரியானாவில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்கி, பிள்ளைகளை நிலைப்படி பிரித்து, அதே அரசாங்க ஆசிரியர்களே படிப்பித்தபோது வாசிப்பு உயர்ந்தது. ஆசிரியர் அதே ஆசிரியர்தான், நேரசூசியில் அந்த நேரத்துக்கென ஒரு கட்டம் கிடைத்திருந்தது. அவை ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நடந்த சோதனைகள் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் மூன்று நான்கு வயது மூத்தவர்கள், அதனால் பாடப்பொருள் வேறாக இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நடைமுறையில் எங்களுக்கு இரண்டு இடைஞ்சல்கள் வந்தன. முதலாவது, நேரம். முதற்பாடவேளையில் வைத்துப் பார்த்தோம். தோட்டத்தின் மேல் டிவிசன் (பிரிவு) பிள்ளைகள் மழைநாளில் நனைந்த காலோடு எட்டு மணிக்குத்தான் வந்து சேர்வார்கள். ஆசிரியர்கள் வருகிற பஸ்ஸும் பனிமூட்டத்தில் தாமதம். அதிகமாக வாசிப்பு தேவைப்படுகிற பிள்ளைகளே அதை இழந்தார்கள். மூன்றாம் பாடவேளைக்கு மாற்றியதும் சரியானது. இரண்டாவது, எழுத்துக் குழுவை யார் எடுப்பது என்பது. இதற்கு விடை எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தது. தரம் 1 முதல் 11 வரை உள்ள பாடசாலையில் எழுத்துக் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார், அவர் முதலாம் தர ஆசிரியை. நான் அவருடைய வகுப்புக்குக் கதை சொல்லப் போனேன், அவர் எங்கள் எழுத்துக் குழுவுக்கு வந்தார். மூன்று வாரத்தில் நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது, எனக்குக் கிடைத்த எந்தப் பயிற்சிப்பட்டறையையும்விட அதிகம். அகரவரிசையில் தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்கினார். படம், மடம், பட்டம், மட்டம். தோட்டத்துப் பிள்ளைக்கு ‘மட்டம்’ தெரியாத சொல்லா? முதல் நாளே அவர்கள் சொல் வாசித்தார்கள். கொம்புக் குறிகளுக்கு மட்டும் அவர் இரண்டு வாரம் எடுத்தார்.

அதிபரின் உறுதி இல்லாமல் இந்த வழி நடக்காது, அதுதான் இதன் பெரிய பலவீனம். ஓர் ஆசிரியர் விடுமுறை எடுத்தால் ஒரு குழு அனாதையாகும். பாடத்திட்டம் பின்தங்கும் என்ற முறைப்பாடும் வரும், அது நியாயமான பயமே. வாரத்தில் நான்கு பாடவேளை போகத்தான் செய்யும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நடத்தி முடித்த பாடத்திட்டத்தால் என்ன கிடைத்தது என்பதையும் அதே கூட்டத்தில் கேட்க வேண்டும்.

பாடத்துக்குள்ளேயே வாசிப்பு

மேலே சொன்ன ஐந்து பேருக்கு, அதாவது வாசித்தும் விளங்காதவர்களுக்கு, மற்ற எந்த வழியையும்விட இது பொருந்தும். ஒரு பெண் பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தில் ‘ஆவியுயிர்ப்பு’ என்ற சொல்லைப் பிசகின்றி வாசித்தாள். பொருள் கேட்டால் தெரியாது. காலையில் பறித்த கொழுந்து நிறுவைக்கு முன் வெயிலில் கிடந்தால் ஏன் எடை குறைகிறது என்று கேட்டேன். “தண்ணி காய்ந்து போகும் டீச்சர், அம்மா ஈரச்சாக்குப் போட்டு மூடுவார்” என்றாள். இலையிலிருந்து நீர் எப்படிப் போகிறது என்ற பாடத்துக்குள் நுழைய வாசல் அவளிடமே இருந்தது. பாடப்புத்தகத்துக்கும் அவளுடைய அறிவுக்கும் நடுவில் பாலம் போட யாரும் இல்லை.

விஞ்ஞான ஆசிரியர் பாடத்துக்கு முன் ஐந்து சொற்களை எடுத்து இப்படிப் பேசினால் பத்து நிமிடம்தான் போகும். அதோடு, 1984இல் பாலின்ஸ்கர், பிரவுன் இருவரும் விளங்குதல் குறைந்த ஏழாம் தரப் பிள்ளைகளிடம் செய்து காட்டிய முறையும் உண்டு. பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியர் இடத்தில் இருந்து, பத்தியைச் சுருக்கி, கேள்வி கேட்டு, விளங்காததைத் தெளிவாக்கி, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார்கள். புது ஆள் வேண்டாம், புது அறை வேண்டாம். ஆனால் எழுத்தில் நிற்கிற 6 பேருக்கும் சொல்லில் நிற்கிற 9 பேருக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் இன்னும் அழகாகக் கொப்பி எழுதுவார்கள், அவ்வளவுதான்.

மற்ற இரண்டும்

பத்தாம் தரப் பிள்ளையை ஆறாம் தரப் பிள்ளையோடு இணைத்து வாசிக்க வைப்பது இருவருக்கும் நல்லது. வேகம் கூடும், கூச்சம் குறையும். ஆனால் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்க முடியாது. சொல்லிலிருந்து பத்திக்கு நகர்கிறவர்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மாலை வகுப்பை நான் ஆசையோடு தொடங்கினேன், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பெண் பிள்ளைகள் உதவினார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் நடந்தவரை நன்றாக இருந்தது. அடுத்த டிவிசன் பிள்ளைகள் இருட்டில் தேயிலை மலை வழியே திரும்ப வேண்டியிருந்தது, பெற்றோர் அனுப்பவில்லை. அவர்கள் செய்தது சரி. வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்வதற்கும் இடமில்லை. நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியது 1970களில்தான். அந்த இடைவெளியில் வளர்ந்த பாட்டிமார்தான் இன்று பல வீடுகளில் பிள்ளை பார்க்கிறார்கள், அம்மா வெளிநாட்டிலும் அப்பா கொழும்பிலுமாக. அவர்களால் சோறு ஊட்ட முடியும், கதை சொல்ல முடியும். வாசிப்புப் பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம்.

நான் எதை எடுப்பேன்

நிலைவாரிப் பாடவேளையைத்தான் முதலில் எடுப்பேன். ஒரு முழுத் தவணை, வேறு எதையும் கலக்காமல். அதன் வேகம் தனி வகுப்பைவிடக் குறைவு என்பது தெரிந்தே சொல்கிறேன். ஆனால் அது நேரசூசியில் இருக்கிறது, ஆசிரியரின் நல்லெண்ணத்தில் இல்லை. நான் இடமாற்றத்தில் போனாலும் மூன்றாம் பாடவேளை மணி அடிக்கும். வெட்கம் என்ற சுவரை அது ஏறிக் குதிக்க வேண்டியதில்லை, சுவரே எழுவதில்லை. கதை வாசிக்கிறவர்களின் குழுவை விஞ்ஞான ஆசிரியரிடமோ வரலாற்று ஆசிரியரிடமோ கொடுத்துவிட்டால், மூன்றாவது வழியின் நன்மையும் அதற்குள்ளேயே வந்துவிடும். அடுத்த தவணையில் அவர் அதைத் தன் பாடத்துக்கும் கொண்டுபோவார். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கேட்காமலே கொண்டுபோனார்.

பாடப்பொருள் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் முதலாம் தரப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அவன் பேசுவதை எழுதி, அதையே வாசிக்கக் கொடுங்கள். முன்பு சொன்ன என் மாணவன் ஒரு நாள் குளவி கொட்டிய கதையை மூச்சுவிடாமல் சொன்னான். நான் எழுதினேன்: ‘மேல் மலையில் குளவி கொட்டியது. ஆறு பேரை லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.’ வீட்டில் ‘போனாங்க’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘போனார்கள்’ புதிது, அதை அவனே கவனித்துக் கேட்டான். அந்த மூன்று வாக்கியத்தை நான்கு நாள் வாசித்தான். ‘கொட்டியது’, ‘கொண்டு’, ‘கொழுந்து’ என்று ஒரே ‘கொ’ மூன்று முறை வந்ததையும் கண்டுபிடித்தான். அடுத்த வாரம் வீரகேசரி நாளிதழில் வந்த ஒரு குளவிச் செய்தியைக் கத்தரித்துக் கொடுத்தேன். தலைப்பை வாசித்தான். எட்டாம் தரம் முடியும்போதும் அவன் வாசிப்பு சரளமாகவில்லை, ஆனால் பஸ் பலகையைத் தானே வாசித்து ஹட்டனுக்குப் போய் வந்தான்.

பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு மட்டும் என் விடை மாறும். சாதாரண தரப் பரீட்சை கழுத்துக்கு மேல் நிற்கிறது, உயர்தரம் போகத் தாய்மொழியில் சித்தி வேண்டும், குழுக் குழுவாக ஏறி வர அவர்களுக்குக் காலமில்லை. அங்கே தனி வகுப்பையே எடுங்கள், அவர்களுடைய சம்மதத்தோடு, விளையாட்டு வேளையைத் தொடாமல், பாடசாலை விட்டதும் முக்கால் மணி நேரம். முதல் நாள் கடந்த வருட வினாத்தாளைக் கொடுங்கள். விடை எழுத வேண்டாம். ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’, ‘காரணம் தருக’ என்று ஒவ்வொரு வினாவும் தங்களிடம் என்ன கேட்கிறது என்பதை வாசித்துச் சொன்னால் அன்றைக்குப் போதும்.